வேகப் பூட்டு

"இது சைக்கிளா, ஆமையா? நேத்து வாக்கிங் போற பெரியவர் ஒருத்தர் என்னைத் தாண்டிப் போறார்யா! போற போக்குல குட்மார்னிங் வேற சொல்றார்!"

அச்சக மேற்பார்வையாளர் போட்ட சத்தத்தில் மின்சைக்கிள் கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மதிய இடைவேளையில் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் வண்டியோடு வந்து நின்றிருந்தார்.

புது வண்டி பார்க்க வந்திருந்த இளம் தம்பதி தயங்கினார்கள். கணவன் மெல்லக் கேட்டான்.

"சார், நீங்க வெச்சிருக்கீங்களே... வண்டி எப்படி?"

"விலை மலிவுன்னு ஏமாந்துடாதீங்க. வாங்கி மூணு மாசம். முதல் மாசம் பறந்துச்சு. இருபத்தஞ்சு நிமிஷத்துல வீட்டுல இருப்பேன். இப்ப முக்கா மணி நேரம்! பேட்டரி நிக்குது, பிரேக் பிடிக்குது, ஒரு குறை இல்ல. ஓடறதுக்கு மட்டும் சோம்பல்!"

மனைவி கணவனின் சட்டையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

மெக்கானிக் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைப்பதற்குக் கைகளில் அழுக்கு எதுவும் மிச்சமில்லை.

"வாயைத் திறயேன்! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம நான் போறதா இல்ல."

"சார்... வண்டில கோளாறே இல்ல. சர்வீசுக்கு வந்தப்ப உங்க வீட்டம்மாதான் வேகத்தைக் குறைச்சுப் பூட்டி வெக்கச் சொன்னாங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னும் சொன்னாங்க."

மேற்பார்வையாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என் பொண்டாட்டியா? எதுக்கு?"

"'அவர் மெதுவாவே வரட்டும், தம்பி'ன்னாங்க. சொல்றப்பவே கண்ணு கலங்கிடுச்சு. அதுக்கு மேல நான் கேக்கல சார்."

ஏறிய குரல் இறங்கியது. பதினாறு வருடத் தாம்பத்தியம். அவர் உயிருக்காக ஒருத்தி இப்படி ரகசியமாய்ப் பதறிக்கொண்டிருந்திருக்கிறாள். அவரோ நேற்றிரவுகூட, உப்பு குறைந்த குற்றத்துக்காகச் சாப்பாட்டுத் தட்டைச் சுவர் வரை தள்ளிவிட்டவர்.

"தம்பி, தாராளமா வாங்குங்க. தங்கமான வண்டி!" என்றார், வாசலை எட்டிவிட்ட தம்பதியிடம். பிறகு மெக்கானிக்கின் தோளைத் தட்டினார். "பூட்டை எடுத்துடுப்பா. நான் பாத்துப் போய்க்கறேன். இன்னிக்கு அவளை அசத்தணும்."

மாலையில் வண்டி பறந்தது. நடுவில் நிறுத்தி ஒரு கேக் பெட்டி வாங்கினார். கல்யாணமான புதிதில்கூட அவர் செய்யாத காரியம்.

வாசலில் இறங்கியவர் அப்படியே நின்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து பாட்டு. தரையதிர இரண்டு பேர் ஆடும் சத்தம். மூச்சு வாங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. வீடு மாறி வந்துவிட்டோமோ என்று கதவு எண்ணைப் பார்த்தார். அவர் வீடுதான். சிரிப்பவளும் அவர் மனைவிதான். அந்தச் சிரிப்பைத்தான் அவர் இதுவரை கேட்டதில்லை.

அழைப்பு மணியை நோக்கிப் போன விரல் பாதியில் நின்றது.

"ஐயோ, மணி ஆறும்மா! அப்பா வந்துடுவாரு!" மகளின் குரல் சட்டென்று சுருங்கியது. பாட்டு நின்றது.

"அந்த வண்டி உருண்டு வந்து சேர இன்னும் கால் மணி நேரம் ஆகும்டி. பயப்படாத, அதுக்குள்ள சிரிச்சு முடிச்சுடு."