கரைந்த பூதராசன்

மேசையில் குட்டிப் பொம்மைப் பூதப்படை அணிவகுத்து நிற்கிறது. கடையில் விற்கும் படை கட்டுப்படியாகாது. அதனால் சோடா மூடிதான் பீடம், பல்குச்சிதான் ஈட்டி. வயரிங் வேலை பார்க்கும் தம்பியின் படை என்பதால் கவசமெல்லாம் செம்புக் கம்பி. மாலையில் நண்பனின் படையோடு போர். தலைவன் இல்லாத படை களமிறங்கக் கூடாது என்பது ஆட்ட விதி. அந்தத் தலைவனை, ஒரு வாரமாகத் தெர்மாகோலில் செதுக்கிய பூதராசனை, சன்னலருகே வைத்து ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறான். பெயின்டிலுள்ள ரசாயனம் பட்டு, அடித்த இடமெல்லாம் தெர்மாகோல் சீறிக் கரைகிறது. "ஐயோ, போச்சு!" என்று அலறுகிறான். மருத்துவமனை வேலைக்குக் கிளம்பிய அக்கா செருப்பை உதறிவிட்டு ஓடிவருகிறாள். "தொடாதடா! என்னதான் ஆகுதுன்னு பாப்போம்." இரண்டு தலைகளும் குனிகின்றன. சீற்றம் மெல்ல அடங்குகிறது. முதுகு முழுக்கக் குழிகள்; சாய்ந்த வெயிலில் ஒவ்வொன்றிலும் ஒரு துளி நிழல். "அம்மை போட்ட பூதம்க்கா." "போடா, முதலைத் தோலு! கத்தியால இப்படிச் செதுக்கிடுவியா நீ?" படைத்தவனுக்கும் சில உயிர்கள் இப்படித்தான் கைகூடினவோ, யார் கண்டது? அக்கா கைப்பையிலிருந்து கண்மை தீட்டும் தூரிகையை எடுத்து நீட்டுகிறாள். "கண்ண மட்டும் ஒழுங்கா வை. எதிராளி நடுங்கணும்." தம்பி மூச்சை அடக்கிக் கருமணி வைக்கிறான். தெருமுனையில் அக்காவின் பேருந்து வந்து, நின்று, போய்விடுகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பூதம் விழித்துப் பார்க்கிறது.