ஹாரன் நீங்கலாக

சாந்தோமில் அந்த வீட்டு வாசலில், வேப்பமரத்து வெயில் புள்ளி புள்ளியாக மேலே விழ, மோட்டார் கார் நிற்கிறது. டாக்டர் வேதநாயகம் இறந்து நான்கு மாதமாகிறது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் வண்டி விலைபோயாக வேண்டும். அவர் மனைவி மரியபுஷ்பத்துக்கு அலுத்துவிட்டது. வருகிறவர்களெல்லாம் ரதம் பார்க்க வந்தவர்கள் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். விலையை மட்டும் கேட்பதில்லை. இன்று வந்திருக்கும் ஆழ்வார்பேட்டை சுப்பராயன், வண்டியின் முன்பக்கப் பித்தளை விளக்கை மேல்துண்டால் துடைத்து அதில் தன் மீசையைப் பார்த்துக்கொள்கிறார். அவருடைய டிரைவர் துரைராஜ் மட்கார்டைத் தடவுகிறான். "இன்னா வண்டிமா! ஒம்போது வருஷமாச்சுன்றீங்க, கல்யாணப் பொண்ணு கணக்கா கீது!" சொல்லிக்கொண்டே, எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்கிறான். ஹாரனின் ரப்பர் பந்தை இரண்டு தரம் அமுக்குகிறான். பாம், பாம். தினம் சாயங்காலம் தெருமுனையில் டாக்டர் கொடுக்கும் அதே இரண்டு. வண்டி கண்ணெதிரே நிற்கிறது. இருந்தும் மரியபுஷ்பத்தின் கால்கள் கேட்டைத் திறக்க நாலடி போய்விடுகின்றன. இந்த வாரத்தில் இது ஆறாவது தடவை. "கேட்டு தொறந்துதானேமா கீது?" என்கிறான் துரைராஜ். அவள் திரும்பி வருகிறாள். ரப்பர் பந்தைத் திருகிக் கழற்றுகிறாள். "ஐயே, அது இல்லாம எப்டிமா?" "வேற வாங்கி மாட்டிக்கப்பா. வண்டிதான் விக்கிறேன், இது இல்ல." சுப்பராயன் மீசையிலிருந்து கையை எடுத்து, முதல் தடவையாக விலை கேட்கிறார். அவள் சொல்கிறாள். கையிலிருப்பதை அமுக்கினால் இனிமேல் வெறும் காற்றுதான் வரும். ஆனாலும் முட்டையைப் பிடிப்பது போல, விரல் பதியாமல் பிடித்திருக்கிறாள்.