தோணியில் நின்றவர்

இருவரும் சேர்ந்து செய்த கம்ப்யூட்டர் விளையாட்டை நாளைக்கு வகுப்பில் ஒப்படைக்க வேண்டும் என்பதால், லக்சன் பாண்டிருப்பிலுள்ள கேசினியின் வீட்டுக்கே வந்திருந்தான். புரோகிராம் எழுதியது அவன். படங்களையும் திரையையும் செய்தது அவள்.

"தோணி கவிழ்ந்ததும் மீனவன் செத்திட்டான் எண்டு என்ட புரோகிராம் சொல்லுது. ஒங்கட ஸ்கிறீன்ல மட்டும் கையக் காட்டிக்கிட்டு நிக்கிறான். இந்தச் சின்ன விசயத்தையும் நானா பாக்கிற?"

"அது அப்பிடியே கிடக்கட்டுமே, லக்சன்."

"செத்தவன் நிக்கிறத்தப் பாத்து ஆக்கள் சிரிப்பாங்க."

அவனே கீபோர்டை இழுத்து இரண்டு வரி சேர்த்தான். தோணி கவிழ்ந்தது. சிவப்புக் கட்டம் போட்ட சட்டையோடு நின்ற மீனவன் சட்டென்று மறைந்தான்.

"இப்பதான் சரி," என்று லக்சன் சிரித்தான்.

தேத்தண்ணியோடு வந்த கேசினியின் அம்மா திரையைப் பார்த்து நின்றுவிட்டார். நெற்றி நிறையக் குங்குமம்.

"எங்க, புள்ள, அப்பாவக் காணல்ல?"

லக்சன் நிமிர்ந்தான். சுவரில் மாலையில்லாத படம் ஒன்று. அதிலும் அதே சிவப்புக் கட்டச் சட்டை.

"கடலுக்குப் போய் மூணு வருசம். உடலும் கிடைக்கல்ல," என்றாள் கேசினி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "அம்மா இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா."

லக்சன் அந்த இரண்டு வரிகளையும் அழித்தான். தோணி கவிழ்ந்தது. சிவப்புச் சட்டைக்காரர் மறுபடி கையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

லக்சனால் திரையில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.