ஆராய்ச்சிக்காரி வீட்டு வேப்பிலை

"என்னம்மா இது, வேப்பிலையா?"

பேராசிரியர் தேவநாதன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். வாசல் நிலையின் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

சிதம்பரத்தில் அவருடைய லேபில் பெப்டைடு என்ற புரதத் துணுக்குகளை ஆராய்ச்சி செய்கிற இலக்கியா, முகக்கவசத்தோடு ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள்.

"போன வாரம் நான் பாத்தப்போ பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்துச்சே. அதுக்குள்ள அம்மை போட்டிருச்சா?"

அவள் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"போட்டா டாக்டர்கிட்ட போகணும். பெப்டைடைத் தண்ணியில விட்டா தானா ஒண்ணு சேந்து ஜெல்லாகுது, அதை வெச்சுப் புண்ணை ஆத்தலாம்னு ஆராய்ச்சி பண்றோம் நாம. அந்தக் கையால வேப்பிலை சொருகுறியே, வெளிய தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க?"

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. கம்மாபுரத்திலிருந்து இலக்கியாவின் சின்ன மாமியார் கொளஞ்சி, கூடவே மூன்று பேர், ஒரு பலாப்பழம்.

வாசலைப் பார்த்ததும் கொளஞ்சி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்திருக்காளா! தெரியாம வந்துட்டோமேடி. தண்ணி ஊத்துனப்புறம் வர்றோம்."

பலாப்பழத்தைக்கூட இறக்காமல் அதே ஆட்டோவில் எல்லோரும் திரும்பிப் போனார்கள்.

"பாத்தியா? அவுங்களுக்குத்தான் தெரியாது. நீயுமா?"

"அம்மை இல்ல சார்."

"பின்ன?"

"வந்தது வெறும் வைரஸ் காய்ச்சல்தான். எல்லாப் பிள்ளைங்களுக்கும் வர்றது. இவளுக்கு மட்டும் காய்ச்சல் விட்டதும் ரத்தத்துல வெள்ளணு ரொம்ப எறங்கிப் போச்சு. அபூர்வமா இப்படி ஆகுமாம். அது ஏறுற வரைக்கும் யாரும் கிட்ட வரக் கூடாது, யார்கிட்டயிருந்தாவது சளி ஒட்டுனாலும் உசுருக்கே ஆபத்துன்னு கடலூர் டாக்டர் சொல்லியிருக்காரு."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் சார். 'நாங்க என்ன வெளியாளா?'ன்னு கேட்டுட்டு உள்ள வந்து கன்னத்தைக் கிள்ளுறாங்க. நம்ம பெப்டைடு மாதிரிதான் எங்க சனமும். யாரும் சேத்து வைக்க வேணாம், தானா வந்து கூடிக்கும். லேபுன்னா ரெண்டு சொட்டு அமிலம் விட்டாப் பிரிஞ்சிடும். இங்க எதுக்கும் பிரியல. இதுக்குத்தான் பிரிஞ்சுது."

தேவநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளேயிருந்து மெல்லிய குரல். "யாரும்மா வந்திருக்காங்க?"

"யாருமில்ல அருள்மொழி. நீ படு கண்ணு."

அந்தக் குரலைக் கேட்டதும் அவர் சிரிப்பு நின்றது.

"இருந்தாலும் வேப்பிலை எதுக்கும்மா? டாக்டர் சொன்னதை ஒரு அட்டையில எழுதி மாட்டியிருந்தா, படிச்சவங்களாவது வெளியவே நின்னிருப்பாங்கல்ல?"

இலக்கியா தயங்கினாள். இத்தனை வருஷத்தில் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"'டாக்டர் உத்தரவு, யாரும் உள்ளே வரக் கூடாது'ன்னு மாட்டியிருந்தேன் சார். போன வாரம் நீங்க அதைப் படிச்சுட்டு, 'இது மத்தவங்களுக்குத்தானேம்மா'ன்னு சிரிச்சுக்கிட்டே உள்ள வந்தீங்க."