நீலக்கல்லின் நடுக்கம்

நீலக்கல்லைப் பார்த்து ஊரே நடுங்கும். அந்த நீலக்கல்லோ மாடிப்படியைப் பார்த்து நடுங்கியது.

காரணம் இருந்தது. நீலம் ஒத்துக்கொண்டால் ஆளைத் தூக்கிவிடும், ஒத்துக்கொள்ளாவிட்டால் குடியைக் கெடுத்துவிடும் என்பார்கள். அதனால் வாங்குமுன் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்ப்பது வழக்கம். முந்தின வீட்டில் அப்படி வைத்திருந்தபோது வீட்டுக்காரர் படியில் வழுக்கி விழுந்தார். "சனியனே!" என்று திட்டி, கல்லைக் கடைக்கே திருப்பிவிட்டார்கள்.

இப்போது சாத்தப்பன் வீட்டுத் தலையணைக்கு அடியில் கிடந்தது.

"தலையணை அண்ணே, இவர் படியில் பார்த்துத்தானே இறங்குவார்?"

"கைப்பிடியை விடவே மாட்டார். பேசாம படு."

விடிந்ததும் சாத்தப்பனின் மனைவி உமையாள் கல்லை எடுத்து வெயிலில் பிடித்தாள். அவள் உள்ளங்கையெல்லாம் நீலம் வழிந்தது. கீழே வைக்க மனசே வரவில்லை.

அந்நேரம் படியில் தடாலென்று சத்தம். சாத்தப்பன் வழுக்கிவிட்டார். கைப்பிடியைப் பிடித்திருந்ததால் கணுக்கால் பிசகியதோடு தப்பினார்.

'தொலைந்தேன்' என்று நினைத்தது கல்.

உமையாள் கல்லை இறுக மூடிக்கொண்டு ஓடினாள். "தலைக்கு வந்தது காலோட போச்சுங்க! எல்லாம் இந்தக் கல்லோட புண்ணியம்!"

கால் சரியானதும் கல் மோதிரமாகிச் சாத்தப்பன் விரலில் ஏறியது. அவர் படியின் உச்சியில் வந்து நின்றார். கைப்பிடியைத் தொடவில்லை.

"அதான் நீலம் இருக்கே!" என்று கையை வீசிக்கொண்டு இறங்கினார்.

"ஐயா, பிடிச்சுக்குங்க!" என்று கல் அலறியது.

கீழே நின்ற உமையாளுக்கு அது பளபளப்பாகத்தான் தெரிந்தது.