கொம்பனின் கியர்பாக்ஸ்

மலையடிவாரத்து ஷெட்டில், விபத்தான வண்டிகளை இழுத்து வரும் மூன்று மீட்பு லாரிகள் நின்றன. கொம்பனும் மாடனும் ஒரே கம்பெனி. செங்கோடன் வேறு கம்பெனி. இழுவையில் அவனை மிஞ்ச ஆளில்லை, ஆனால் ஒரு பல்சக்கரம் கிடைக்காமல் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தான்.

"உங்களுக்கு என்னைவிட பலம் கம்மி. இருந்தும் முதலாளி ஏன் உங்க கம்பெனியையே வாங்குறார்?" என்று கேட்டான் செங்கோடன்.

"ஒருத்தன் சாமான் இன்னொருத்தனுக்குச் சேரும்," என்றான் கொம்பன் பெருமையாக. அவனுடைய கிரேன் முந்தின நாள்தான் வளைந்து, இழுக்க முடியாமல் இருந்தது.

அன்று மழையில் ஒரு பஸ் பள்ளத்தின் விளிம்பில் ஆட்களோடு தொங்கியது. கிளம்பிய மாடனின் கியர்பாக்ஸ் வாசலிலேயே உடைந்தது. மெக்கானிக் செல்லையா கொம்பனுடையதைக் கழற்றி மாடனுக்குப் போட்டார்.

"உனக்கு வேற போட்டுடறேன்டா," என்றார் கொம்பனிடம்.

பஸ்ஸில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். திரும்பி வந்த மாடன் கொம்பனைப் பார்க்கவே இல்லை.

பிறகு கொம்பனின் ரேடியேட்டரும் மாடனுக்குப் போனது, சக்கரங்கள் போயின. முதலாளி அதே கம்பெனியில் புதிதாக ஒன்று வாங்கி அவன் பக்கத்தில் நிறுத்தினார்.

"அண்ணே, ஏன் செங்கல் மேல நிக்கிறீங்க?" என்றது புதுவண்டி.



"கொஞ்சம் ஓய்வு, தம்பி," என்றான் கொம்பன்.