குறுக்கே ஓடியவள்

செங்கல்பட்டு நீதிமன்ற வராந்தாவில் வெயில் சாய்வாக விழுகிறது. புதிதாய் அரசுடைமையான பேருந்துக் கழகத்தின் சட்ட அதிகாரி அருணகிரி, வியர்வையில் ஊறிய கறுப்புக் கோட்டோடு, டிரைவர் ஷேக் தாவூதுக்குச் சாட்சியம் சொல்லிக்கொடுக்கிறார். எருமை செத்தாலும் மனிதன் செத்தாலும் கழகத்தின் பதில் ஒன்றேதான். "அந்தம்மா திடீர்னு குறுக்கே ஓடி வந்திச்சு. எங்கே, சொல்லு." டிரைவர் தலையைச் சொறிகிறான். "இன்னா சார் இது? அது கடைக்குள்ள குந்திகினு இட்லி ஊத்திகினு இருந்திச்சி. பிரேக்கு புடிக்கல, பஸ்ஸுதான் உள்ள பூந்துச்சி." "முட்டாள், சொன்னதை மட்டும் சொல்லு." மண்டையில் களிமண்ணோடு ஸ்டியரிங் பிடிக்க வந்துவிடுகிறார்கள் என்று அருணகிரி சலித்துக்கொள்கிறார். எதிர்த் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், புதுப்பட்டினத்தில் அந்த இட்லிக் கடையை வைத்திருந்த சம்பூர்ணம். ஒரு கால் முழங்காலோடு முடிந்துவிட, மிச்சப் புடவை காற்றில் ஆடுகிறது. இவளுக்கு என்ன புரியப்போகிறது என்று அவர் குரலைத் தாழ்த்தவுமில்லை. டவாலி அவளுடைய நஷ்டஈட்டு வழக்கை உரக்கக் கூப்பிடுகிறான். சம்பூர்ணம் கக்கத்தில் ஊன்றுகட்டையைக் கொடுத்து எழுகிறாள். அவருடைய பளபளக்கும் ஷூவுக்குப் பக்கத்தில் வெற்றிலைச் சாற்றைத் துப்புகிறாள். "நீ முன்னால போ சாமி," என்கிறாள். "நான் குறுக்க ஓடியாறேன்."